வண்டிக்குள் எதுவும் உருளக்கூடாது

போலாரம்,
27.10.2025

ஜோனத்தனுக்கு அபயாம்பாள் எழுதுவது.

இங்கே பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். என் மகள் வயிற்றுப் பேரன் ராகவேந்திரா டொராண்டோவில் வீடு வாங்கிவிட்டான். ஆபீசில் அவனுக்குத் தனி அறை, வாசலில் பெயர்ப் பலகை. அவன் தம்பி சாய்கிருஷ்ணா சி.ஏ.வில் ரெண்டு குரூப்பையும் ஒரே மூச்சில் முடித்தான். இந்தக் காலனியில் அப்படி முடித்தவர்கள் கிடையாது, நான் விசாரித்துவிட்டேன். என் மகன் வைத்தியநாதனின் சின்னப் பெண் ரஞ்சனாவுக்கு எம்.டி. சீட் கிடைத்திருக்கிறது, குழந்தை டாக்டராகப் போகிறாள். எல்லோருக்கும் கடைக்குட்டி அபிநவ் செஸ்ஸில் மாநில அளவில் கப் வாங்கினான். கப் என் முழங்கை உயரம்.

யாருக்கு எழுதினாலும் இதை எழுதிவிட்டுத்தான் மற்ற விஷயத்துக்கு வருவேன். ரஞ்சனாவுக்கு முன்னால் அக்ஷதா பெயர் வரும். இந்தத் தடவை அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டது. நீ அவள் புருஷன், உனக்கு விளக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். அவளுடைய வெள்ளை ஸ்விஃப்ட் எங்கள் காம்பவுண்டில் நிற்கிறது. குகட்பள்ளியில் உங்கள் பிளாட்டில் நிறுத்த இடம் இல்லை என்று இங்கே விட்டிருந்தாள் அல்லவா, அப்படியே நிற்கிறது. வைத்தி அதை விற்க வேண்டும் என்கிறான். தினமும் காலையில் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் தெரிகிறது. வண்டி அவள் பேரில் இருப்பதால் புருஷன் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாதாம். அவன் உனக்குப் போன் செய்ய மாட்டான். உன் நம்பரை என்னமோ செய்து வைத்திருக்கிறான், நீ அடித்தாலும் வராது. எனக்குப் போனில் காது கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

பேப்பர் இத்துடன் இருக்கிறது. பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் கோயம்புத்தூர் விலாசத்தை உன் அம்மா ஜூடித்திடம் வாங்கினேன். நான் கேட்டதை வைத்தியிடம் சொல்லவில்லை.

அபயாம்பாள்


கோயம்புத்தூர்,
2.11.2025

பாட்டி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பேப்பர் கிடைத்தது. என் தமிழ் எழுத்து சண்டே ஸ்கூலில் கற்றது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இப்போது இல்லை. டிசம்பர் 21 முடியட்டும்.

அன்றைக்கு இங்கே செட்டிபாளையம் டிராக்கில் டிராக் டே இருக்கிறது. அக்ஷதா ஜூலையிலேயே பெயர் கொடுத்து, வண்டி நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது அதற்காகத்தான். கூட ஓட்டுகிறவர் என்று என் பெயரையும் போட்டிருக்கிறாள். அதனால் நான் ஓட்டலாம். விசாரித்துவிட்டேன்.

வண்டியைக் கோயம்புத்தூருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாள் ஓட்டுகிறேன். அடுத்த நாள் கையெழுத்து. பிறகு மாமா யாருக்கு வேண்டுமானாலும் விற்கட்டும், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவள் நகை, துணி எதையும் நான் கேட்டதில்லை. இது ஒன்றுதான்.

ஜோனத்தன்


போலாரம்,
8.11.2025

ஜோனத்தனுக்கு,

உன் கடிதத்தை வைத்தி சாப்பிடும்போது படித்துக் காட்டினேன். "அவனுக்கு நக்கோன்னு, வேண்டாம்னு எழுதும்மா" என்றான். ரசம் ஊற்றிக்கொண்டான். அவ்வளவுதான்.

நானும் கேட்கிறேன். ஏற்கெனவே ஒருத்தி போய்விட்டாள். இப்போது நீயும் ரேஸில் வண்டியைக் கவிழ்த்துக்கொண்டு போக வேண்டுமா? கைக்கு, எதற்கு? ஜெயித்தால் என்ன கொடுப்பார்கள்? கப் உண்டா, சர்டிபிகேட் உண்டா, பேப்பரில் போடுவார்களா? அக்ஷதா என்னிடம் இதைப் பற்றிச் சொன்னபோது, பரிசு கிடைத்தால் முதலில் எனக்கு போன் பண்ணு என்றேன். அவள் சிரித்தாள். காது கேட்காதவளுக்குப் போனா என்று சிரித்தாள் என்று அப்போது நினைத்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு பேசுவது எனக்குப் பழக்கமில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள்தான் நீ எங்களுக்குச் சொன்னாய். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்தபோது அவள் பேசவில்லை. காரியத்தன்று வாசலில் வைத்து வைத்தி உன்னைக் கேட்டது இதைத்தான். நீ பதில் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். பிறகு கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய். பதில் சொல்லாதவனுக்கு வண்டி எதற்கு என்கிறான் அவன். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

நான் இன்னும் அழவில்லை. வருகிறவர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். காப்பி கொடுத்து அனுப்புகிறேன்.

அபயாம்பாள்


கோயம்புத்தூர்,
13.11.2025

பாட்டி அவர்களுக்கு,

ரேஸ் இல்லை பாட்டி. டிராக் டே. கடைக்குப் போக, ஆபீசுக்குப் போக நாம் ஓட்டுகிற அதே வண்டியைக் கொண்டுபோய், எதிரே யாரும் வராத ஒரு வளையத்தில் ஓட்டுவது. ஆடு மாடு வராது. ஆட்டோ வராது. யாரும் முதலாவதாக வருவதில்லை. கப் கிடையாது. அவள் சிரித்தது அதற்காக இருக்கும்.

வண்டியைச் சரியாகத் தயார் செய்தால் பயமில்லை. அவள் பாதி செய்துவிட்டாள். டயர் புதியது, என்ஜின் ஆயில் மாற்றியாகிவிட்டது. மீதி இருப்பது பிரேக்தான். டிராக்கில் திரும்பத் திரும்ப அழுத்தினால் பிரேக் கொதிக்கும். பழைய பிரேக் ஆயில் அந்தச் சூட்டில் கொதித்துவிட்டால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதை எடுத்துவிட்டு சூடு தாங்குகிற ஆயிலை ஊற்ற வேண்டும். பிரேக் பேடும் புதிது போட வேண்டும். ரெண்டையும் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறாள். பாட்டரி ஆடாமல் இறுக்கியிருக்க வேண்டும். முன்னால் இழுவைக் கொக்கி மாட்ட வேண்டும்.

பிறகு வண்டியைக் காலி செய்ய வேண்டும். இதுதான் முக்கியம் என்பாள். வண்டிக்குள் எதுவும் உருளக்கூடாது. மிதியடி, குடை, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியே. வளைவில் ஒரு பாட்டில் உருண்டு பெடலுக்குக் கீழே போனால் போதும். டாஷ்போர்டில் இருக்கிற பிள்ளையாரும் வர வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். முதல் நாளே சொல்கிறேன் என்று போனை எடுத்தேன். ரஞ்சனா நிச்சயதார்த்தம் முடியட்டும், அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார், சும்மா காய்ச்சல் என்று அக்ஷதா என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துக்கொண்டாள். வாசலில் மாமா கேட்டபோது அதைச் சொன்னால், போனவள் மேல் பழி போடுகிற மாதிரி இருக்கும். அதனால் சொல்லவில்லை. இப்போதும் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜோனத்தன்


போலாரம்,
22.11.2025

ஜோனத்தனுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை வைத்தியிடம் படித்துக் காட்டினேன். டிவியை அவன் அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தான். நான் முடித்ததும் திரும்பக் கூட்டிக்கொண்டான்.

மறுநாள் அவனிடம், "விற்கிறதானாலும் ஓட்டறதானாலும் பிரேக்கு நல்லா இருக்கணுமில்ல, ஐயாக்கண்ணுவைக் கூப்பிடறேன்" என்றேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐயாக்கண்ணு உனக்குத் தெரிந்தவன்தான், பாலாநகரில் ஷெட் வைத்திருக்கிறான், அக்ஷதா அவனிடம்தான் போவாள். அவன் வருவதற்கு முன் வண்டியை நானே காலி செய்தேன். வேலைக்காரியை விடவில்லை.

குடை ஒன்று. தண்ணீர் பாட்டில் மூன்று, ஒன்றில் பாதி தண்ணீர். தலை கிளிப்புகள். ஒற்றைக் காலுறை. சீட்டுக்கு அடியில் முறுக்குப் பொட்டலம், நான் கொடுத்ததுதான், நமுத்துப்போயிருந்தது. டோல்கேட் சீட்டுகள். கைக்குத் தடவுகிற க்ரீம். எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் போட்டேன். பக்கெட் நிறையவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். அப்போதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. இடுப்புதான் வலித்தது.

பிள்ளையாரை நூல் விட்டு அறுத்து எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தேன். உன்னிடம் எனக்குக் கோபமில்லை, அவரும் உருளக்கூடாது அல்லவா.

நேற்று வெள்ளிக்கிழமை ஐயாக்கண்ணு வந்து எல்லாம் செய்தான். பழைய பிரேக் ஆயில் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. புதுப் பேடு போட்டான். பாட்டரியை ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. "பாட்டிம்மா, நீங்களே ஓட்டப்போறீங்களா?" என்றான். "உன்னைவிட நல்லா ஓட்டுவேன் போடா" என்றேன்.

அவன் போன பிறகு நான் பூஜை போட்டேன். புது சாமான் போட்ட வண்டியை வெறுமனே விடக்கூடாது. எங்கள் வீட்டில் தையல் மிஷினானாலும் கிரைண்டரானாலும், சுழல்கிற இடத்துக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பொட்டு வைப்பதுதான் வழக்கம். ஆயுத பூஜைக்கு என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். சக்கரத்தின் இடைவெளியில் பார்த்தால் உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தட்டு இருக்கிறது, சக்கரத்தோடு அதுதான் சுழல்கிறது என்று ஐயாக்கண்ணு காட்டியிருந்தான். விரலை விட்டு ரெண்டு பக்கமும் தாராளமாக எண்ணெய் தடவி, குங்குமத்தையும் குழைத்து வைத்தேன். கற்பூரம் காட்டினேன்.

ஆக, வண்டி தயார். வைத்தி இன்னும் சரி என்று சொல்லவில்லை. குகட்பள்ளியிலிருந்து ஒருவர் வாங்குவதற்குப் பார்க்க வருகிறார் என்கிறான். பார்க்கலாம்.

அபயாம்பாள்


கோயம்புத்தூர்,
27.11.2025

பாட்டி,

அந்தத் தட்டைத்தான் பிரேக் பிடிக்கிறது. அதில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது. யாரும் வண்டியை எடுக்க வேண்டாம். மாமாவுக்கு அடித்தேன், போகவில்லை. ரஞ்சனா எடுக்கவில்லை. ஐயாக்கண்ணு ஊரில் இல்லை. அம்மாவைக் காலையில் முதல் வேலையாக உங்கள் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் எதற்கும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஜோனத்தன்


போலாரம்,
29.11.2025

ஜோனத்தனுக்கு,

உன் அம்மா வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே, "அண்ணா, காரை எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு வந்தாள். கார் அப்போது முருங்கை மரத்தில் இருந்தது.

பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குகட்பள்ளிக்காரர் வந்திருந்தார். ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிறேன் என்று வைத்தி ஏறினான். எங்கள் வாசல் கேட்டுப் பக்கம் சரிவு உனக்குத் தெரியும். வண்டி மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. பின் பிரேக் மட்டும் கொஞ்சம் பிடித்ததாம், இல்லாவிட்டால் ரோட்டுக்குப் போயிருக்கும். முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கிவிட்டது, ஒரு ஹெட்லைட்டில் விரிசல். மரம் முறிந்துவிட்டது. இனி சாம்பாருக்கு முருங்கைக்காய் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

வைத்தி இறங்கி, சக்கரத்துக்குள் விரலை விட்டு, எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"அம்மா, இதுக்கு எண்ணெய் விட்டியா?"

"ஹவ், ஆமா, விட்டேன்."

"நல்லெண்ணெயா?"

"பின்னே, வேப்பெண்ணெயா விடுவாங்க?"

குகட்பள்ளிக்காரர் தெலுங்கில், "இது என்னம்மா பிரேக்கா, தோசைக்கல்லா?" என்று கேட்டார். அவரே சிரித்தார். பிறகு யாரும் சிரிக்காததைப் பார்த்து, இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டார். வர மாட்டார்.

அப்போதுதான் நான் படியில் உட்கார்ந்தேன். வைத்தி சரிவில் இல்லாமல் ரோட்டில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். யோசித்தேனே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. பயம்கூட முழுசாக வராமல் பாதியில் நின்றுவிடுகிறது. உனக்கும் அப்படி இருக்கிறதா?

வைத்தி உன் அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான். காரியத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பது அன்றுதான். "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டான். "ஜானிதான். நேத்துலேர்ந்து தூங்கலை அவன். உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு நூறு தடவை போன் பண்ணிட்டான்" என்றாள். வைத்தி தன் போனை எடுத்துப் பார்த்தான். அதில் என்ன தெரியும், ஒன்றும் வந்திருக்காது. திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

உன் அம்மா தண்ணீர் குடித்தாள். காப்பி வேண்டாம் என்றுவிட்டாள்.

பேடு ரெண்டும் வீணாம். எண்ணெய் குடித்தால் பிறகு பயன்படாதாம். என்னால் வந்தது.

அபயாம்பாள்


கோயம்புத்தூர்,
3.12.2025

பாட்டி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பேப்பரில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மாமாவிடம் கொடுத்துவிடுங்கள்.

போதும். அந்த வண்டிக்காக இன்னொருவருக்கு ஏதாவது ஆனால் நான் எங்கே போய் நிற்பது? பம்பர் தொங்குகிறது, பேட் இல்லை, நாள் இல்லை. டிராக் ஆபீசில் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அக்ஷதா இருந்திருந்தால் திட்டியிருப்பாள், பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருப்பாள்.

எனக்கும் அப்படித்தான் பாட்டி. பாதியில் நின்றுவிடுகிறது. ஆபீஸ் போகிறேன், வருகிறேன். ரெண்டு பேருக்குச் சாதம் வைத்துவிடுகிறேன். மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கிறேன்.

ஜோனத்தன்


போலாரம்,
11.12.2025

ஜோனத்தனுக்கு,

பேப்பரை வைத்தியிடம் கொடுத்தேன். நின்றபடியே ரொம்ப நேரம் பார்த்தான். "பாதி வேலையில விட்டுட்டானா?" என்றான். பேப்பரை மடித்து டிவிக்கு அடியில் வைத்தான்.

மறுநாள் காலையில் ஐயாக்கண்ணுவுக்கு அவனே போன் செய்தான். புதுப் பேடு வந்தது. தட்டு ரெண்டையும் கழற்றி ஏதோ ஸ்பிரே அடித்துத் துடைத்தார்கள். எண்ணெய்ப் பாட்டிலைச் சமையலறையில் உயரத் தட்டில் வைத்துவிட்டான், எனக்கு எட்டாது. குழந்தைக்கு எட்டாமல் மருந்தை வைக்கிற மாதிரி.

பம்பரை எடுத்து நேராக்கிக் கட்டினான். விரிசல் விட்ட ஹெட்லைட்டில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினான், கண்ணாடி சிதறக்கூடாதாம். பாலாநகர் ஃபாக்டரியில் அவனுக்கு ரிட்டயர்மெண்ட் ஆன பிறகு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்த ஸ்பானரை எல்லாம் எடுத்தான். மூன்று நாள் வண்டி பக்கத்திலேயே இருந்தான். என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. கிட்டே போனால், "கையைக் கழுவிட்டு வா, இல்லே வராதே" என்கிறான். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

நேற்று பாலாநகரில் லாரியில் ஏற்றினான். கார்களை மட்டும் கொண்டுபோகிற லாரி. திரும்பி வந்து, "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சேர்ந்துடும். அவன்கிட்ட சொல்லிடு" என்றான். உனக்கு வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றான்.

விளையாட்டில்லை, பார்த்து ஓட்டு. பருத்திச் சட்டை, முழுக்கை போடு. அவள் சொல்லியிருக்கிறாள், நைலான் தீயில் ஒட்டிக்கொள்ளும் என்று.

அபயாம்பாள்


கோயம்புத்தூர்,
22.12.2025

பாட்டி அவர்களுக்கு,

நேற்று ஓட்டினேன். நன்றாக இருக்கிறேன். வண்டியும் நன்றாக இருக்கிறது.

காலையில் போனதும் ஒவ்வொரு வண்டியாகச் சோதிக்கிறார்கள். பரிசோதிக்கிறவர் பெரியவர், யாரையும் நம்பாத முகம். பெரிய பெரிய வண்டிக்காரர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார், ஒருவருக்கு பாட்டரி ஆடியது, ஒருவர் வண்டியில் சீட்டுக்கடியில் குழந்தையின் பந்து இருந்தது. நம் வண்டியின் பம்பரைப் பார்த்து, "என்ன தம்பி, இடிச்சுட்டே வந்தீங்களா?" என்றார். முருங்கை மரம் என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

உள்ளே கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரு போட்டது?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். வண்டி வந்ததிலிருந்து பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், இதைப் பார்க்கவில்லை. நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்பு பெயிண்டில் ஒரு மெல்லிய கோடு. நட்டில் ஆரம்பித்துச் சக்கரத்தில் முடிகிறது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நேர்.

"எங்க மாமனார்" என்றேன்.

"ஏரோப்ளேன்ல வேலையா?"

"அதுக்கு சாமான் செய்யற ஃபாக்டரி. ரிட்டயர் ஆயிட்டார்."

அவர் தன்னுடன் இருந்த பையனுக்குக் காட்டினார். விமானத்தில் நட்டை முறுக்கியதும் இப்படிக் கோடு போடுவார்களாம். நட்டு ஒரு மயிரிழை தளர்ந்தாலும் கோடு உடைந்து ரெண்டாகத் தெரியும். பறப்பதற்கு முன் கோட்டைப் பார்த்தால் போதும். "முறுக்கினவரு கையெழுத்துப் போட்ட மாதிரி" என்றார். ஸ்பானரை நட்டில் வைக்காமலே சோதனை முடிந்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

ஓட்டினேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன் பாட்டி. அவள் எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று படம் போட்டுச் சொல்லியிருந்தாள், அதே இடத்தில் பிடித்தேன். பிடித்தது. ஒவ்வொரு தடவையும் பிடித்தது. பெடல் கல் மாதிரி நின்றது. பக்கத்து சீட் காலியாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. வேகம்கூட வேகமாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு சுற்று முடிந்து வந்ததும் இறங்கிக் கோடுகளைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, ஒரு தடவை பார்த்தால் போதும். எல்லாத் தடவையும் பார்த்தேன். கடைசியாகச் சக்கரம் தொட முடியாத சூட்டில் இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பையன் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் அழுதேன் என்று நினைக்கிறேன். முகம் ஈரமாக இருந்தது.

மாமாவிடம் சொல்லுங்கள், ஒரு கோடும் நகரவில்லை.

வண்டியை எப்போது அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள்.

ஜோனத்தன்


போலாரம்,
29.12.2025

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஜோனத்தனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோடு விஷயம் எனக்கும் அப்போதுதான் தெரியும். வைத்தியிடம் படித்துக் காட்டினேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலே அணைத்தான்.

"ஒண்ணும் நகரலையா?"

"நகரலைன்னுதான் எழுதியிருக்கான்."

"பின் சக்கரம்?"

"எல்லாம்தான்டா. கொண்டா கையை, நீயே படி."

வாங்கிப் படித்தான். நீ தரையில் உட்கார்ந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தான். துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்திருந்தான். கடிதத்தை என்னிடம் கொடுக்கவில்லை, அவன் மேஜையில் இருக்கிறது.

வண்டியை எப்போது அனுப்புவது என்று கேட்டிருக்கிறாய். அவனைக் கேட்டேன். "அங்கேயே நிக்கட்டுமே, இங்கே வந்தா உங்க பாட்டி எண்ணெய் விட்டுடுவா" என்று அபிநவிடம் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னான். டிவிக்கு அடியில் இருந்த பேப்பர் இப்போது அங்கே இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது திடீரென்று, "ஆள் எப்படி இருக்கான்? இளைச்சுட்டானா?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தில் அது தெரியாது. ரெண்டு பேருக்குச் சாதம் வைக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினான்.

இந்த வீட்டில் இருக்கிற உன் போட்டோவெல்லாம் கல்யாணத்தன்று எடுத்தவை. அதில் நீ அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், உன் முகம் பாதிதான் இருக்கிறது. அதனால் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. செல்போனில் ரஞ்சனாவுக்கு அனுப்பிவிடாதே, அது அவளோடு போய்விடும். கடையில் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு, வைத்தி கையில் பிடித்துப் பார்க்கணும். கார் பக்கத்தில் நின்று எடு. பம்பர் தெரிந்தால் தெரியட்டும்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எடு. முகம் தெரியணும்.

பாட்டி